வட்டாப்பளையில் ஏறாத சார்ஜ்: ஒரு மின்கார்ப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2025 வைகாசி மாதம், வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் மாலை, முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரும் வீதியில் ஒலுமடுப் பக்கக் காட்டோரம் ஒரு மின்கார் சார்ஜ் தீர்ந்து நின்றது. உள்ளே என் தங்கை, அவளுடைய கணவர், அவர்களின் இரண்டு பிள்ளைகள். மாங்குளத்துக்கு இன்னும் 8 கிலோமீற்றர் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வீதியில் இருட்டிய பின் யானை இறங்கும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கார் ஏன் நின்றது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை நிறுத்திய பிழைகளில் இரண்டு என்னுடையவை. அவர்கள் தங்கியிருந்த வட்டாப்பளை வீட்டுக்கு 2012 இல் வயரிங் செய்தவன் நான். "பயமில்லை, வெளிக்கிட்டு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னவனும் நான். மாங்குளத்தில் மின்சார வேலையும் வாகன மின்வேலையும் செய்கிறேன். இது என் தொழிலுக்குள் நடந்த சம்பவம்.

காரும் ஆட்களும்

மச்சான் நோர்வேயில் ஒன்பது வருடமாக மின்கார் ஓட்டுகிறார். அங்கே அது விந்தை இல்லை. 2024 இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட மின்கார்கள்தான். கோடை விடுமுறையில் ஒஸ்லோவிலிருந்து சுவீடனுக்கு இறங்கி, மால்மோவுக்கும் கொப்பன்ஹேகனுக்கும் இடையிலான ஓரசுண்ட் பாலத்தைக் கடந்து, ரோட்பியில் கப்பலேறி ஜேர்மனிக்குள் நுழைந்து, சுவிட்சர்லாந்தில் இருக்கும் தன் தமையன் வீடுவரை அவர் குடும்பத்தோடு காரிலேயே போய்வருவார். வெளிநாட்டு நெடும்பயணம் அவருக்குக் கைப்பழக்கம். இரண்டு மணித்தியாலம் ஓடுவது, இருபது முப்பது நிமிடம் சார்ஜ் ஏற்றுவது, பிள்ளைகளுக்குத் தீன் வாங்குவது, மறுபடி ஓடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீற்றருக்கு ஒரு விரைவுச் சார்ஜ் நிலையமாவது இருக்கவேண்டும் என்று 2023 இல் சட்டமே செய்திருக்கிறார்கள். அவர் பயணத்தைத் திட்டமிடுவது அந்தச் சட்டத்தின் நிழலில்.

இங்கே அவர் நீர்கொழும்பில் வாடகைக்கு எடுத்தது 30 கிலோவாற்று மணி (மின்கட்டணச் சிட்டையில் வரும் யூனிற் இதுதான்) பற்றரியுள்ள ஒரு நிசான் லீஃப். ஜப்பானில் ஓடி, பின் இங்கே இறக்கப்பட்டது. இலங்கையில் 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் கதவு மறுபடி திறந்தது. ஆகையால் அப்போது எங்கள் வீதிகளில் ஓடிய மின்கார்களில் பல, பற்றரி பத்து வயதை நெருங்கியவை. இந்தக் காரின் திரையோரம் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 சிறு கோடுகளில் 9 தான் எஞ்சியிருந்தன. பிறகு நான் என் கருவியைக் கொழுவிப் பார்த்தபோது 71 சதவீதம் என்றது. புதிதில் 28 கிலோவாற்று மணி அளவுக்குப் பயன்படக்கூடிய பற்றரியில், இப்போது முழுதாக ஏற்றினாலும் 20 கூட இல்லை. அந்த வடிவமைப்பில் பற்றரிக்குத் தனியாகக் குளிரூட்டும் திரவ ஓட்டம் கிடையாது. வெப்ப நாட்டில் அது சீக்கிரம் வயதாவதில் வியப்பில்லை.

காரை எடுக்கும்போது மச்சான் அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய கார் மூன்று வயது.

நீர்கொழும்பு முதல் வவுனியாவரை சொல்வதற்கு அதிகமில்லை. முதல் நாள் புத்தளம், அங்கே ஒரு விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ். அடுத்த நாள் அநுராதபுரத்தில் மதியச் சாப்பாட்டோடு கொஞ்சம் ஏற்றி, வவுனியாவில் உறவினர் வீட்டில் இரவுத் தங்கல். காரோடு வந்த கேபிளின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் 6, 8, 10, 13 அம்பியர் என்று தெரிவு செய்யலாம். மச்சான் 10 இல் வைத்திருந்தார். 230 வோல்ற்றில் 10 அம்பியர் என்றால் 2.3 கிலோவாற்று. ஒன்பது பத்து மணித்தியாலத்தில் இந்தப் பற்றரி நிறைந்துவிடும். இரண்டு இரவும் பிசகில்லாமல் நிறைந்தது. தங்கை எனக்குப் படம் அனுப்பினாள்: முற்றத்தில் மாமரத்தின் கீழ் கார், யன்னல் வழியாக வெளியே வந்திருக்கும் கேபிள், பெட்டியில் பச்சை விளக்கு.

மூன்றாம் நாள் காலை வவுனியாவிலிருந்து புறப்பட்டு, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் கடந்து மாங்குளத்தில் என் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, கிழக்கே திரும்பி வட்டாப்பளைக்குப் போனார்கள். 93 கிலோமீற்றர். பெரியம்மா வீட்டு முற்றத்தில் கார் நின்றபோது பாதிச் சார்ஜுக்கு மேல் மிச்சம் இருந்தது. திரை இன்னும் 100 கிலோமீற்றர் ஓடலாம் என்றது. மச்சான் மகிழ்ந்துபோனார். "மச்சான், இந்தக் கிழட்டுக் கார் என் காரை விடச் சிக்கனமாக ஓடுகிறது" என்று எனக்குச் சொன்னார். எனக்கும் அது பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு

அன்றும் மறுநாளும் பொங்கல் கூட்டத்தில் காரை யாரும் நினைக்கவில்லை. கடல்நீரில் விளக்கெரியும் கோயில் அது. வன்னியில் பிறந்து எங்கே போய் இருந்தாலும் வைகாசியில் அந்த விளக்கு நினைவில் வரும். என் தங்கை பதினேழு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தாள். பொங்கலின் மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரை, வட்டுவாகல் பாலம் என்று 28 கிலோமீற்றர் சுற்றினார்கள். ஆங்காங்கே நிறுத்தி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது திரையில் 70 கிலோமீற்றர்.

அன்று இரவு பத்தரைக்குத்தான் கேபிளைக் கொழுவினார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றிக் கொழுவினால் மறுபடி சிவப்பு. வேறு பிளக் பொயின்றில் போட்டாலும் சிவப்பு. குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது, மின்விசிறி சுழல்கிறது, கிணற்று மோட்டார் இறைக்கிறது. கார் மட்டும் ஏற மறுக்கிறது.

அந்தப் பெட்டியின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிடவேண்டும். பலர் அதை வெறும் இணைப்பு என்று நினைக்கிறார்கள். கேபிளைக் கொழுவியதும் அது காரோடு பேசுகிறது. செக்கனுக்கு 1000 தடவை துடிக்கும் 12 வோல்ற்றுச் சமிக்ஞை ஒன்றை அனுப்பி, "இவ்வளவு அம்பியர்தான் எடுக்கலாம்" என்று அறிவிக்கிறது. கார் ஒப்புக்கொண்ட பிறகே மின்சாரத்தைத் திறக்கிறது. அதற்கு முன்னால், வீட்டின் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பு, இருக்கிறதா என்று இதுபோன்ற பெட்டிகள் சோதிக்கும். எர்த் இல்லையென்றால் திறக்காது. காரணம் எளிது. கார் ரயர்களின் மேல் நிற்கும் ஒன்றரைத் தொன் இரும்பு. உள்ளே எங்காவது ஒரு கசிவு ஏற்பட்டு உடலில் மின்சாரம் ஏறினால், அது மண்ணுக்கு இறங்க எர்த் வயரைத் தவிர வேறு வழியில்லை. எர்த் வயர் இல்லையென்றால் அடுத்த வழி, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் பிள்ளை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் வந்து பார்த்தான். கையில் வேலை தெரிந்த பையன். குற்றம் எர்த்தில் என்று உடனே கண்டுபிடித்துவிட்டான். அதற்கு அவன் சொன்ன மருந்துதான் இந்த ஆய்வின் மையம்.

"அண்ணை, மீற்றருக்குப் பக்கத்தில் எர்த் வயரையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும். ஐந்து நிமிட வேலை."

அவன் சொன்னது உண்மை. பெட்டி ஏமாந்துதான் போகும். பச்சை விளக்கு எரியும், கார் ஏறும். மச்சான் எனக்கு அழைத்தார். எழுந்து இருந்து கேட்டேன். கேட்டதும் உடல் குளிர்ந்தது.

"மச்சான், அந்தப் பையனை மெயின் போர்ட்டில் கைவைக்க விடாதீர்கள். கேபிளைக் கழற்றி உள்ளே வையுங்கள்."

"அப்படியென்றால் நாளைக்கு எப்படி வருவது?"

"திரையில் எவ்வளவு காட்டுகிறது?"

"எழுபது."

"மாங்குளம் நாற்பத்தைந்து கிலோமீற்றர்தான். பயமில்லை, வெளிக்கிட்டு வாருங்கள். இங்கே ஏற்றலாம்."

முதல் பாதியில் நான் சொன்னது சரி. இரண்டாம் பாதியில் சொன்னது பிழை. ஏன் சரி, ஏன் பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முறுக்கிய வயர் என்ன செய்யும்

வீட்டுக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர் லைவ், அது திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் என்றாவது அறுந்தால் என்று நினைத்துப் பாருங்கள். தென்னோலை விழுந்து அறுகிறது, இணைப்பு துருவேறிக் கழன்றுபோகிறது. இது நடக்காத ஊரில்லை. வீட்டுக்குள் மின்விசிறி நிற்கும், விளக்கு அணையும். எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆனால் லைவ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அது மின்விசிறியின் சுருளுக்குள்ளால் போய் வீட்டு நியூட்ரலுக்கு வந்து நிற்கிறது. நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கியிருந்தால் அதே 230 வோல்ற்று எர்த் வயர் வழியாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கும் கிணற்று மோட்டாரின் உடலுக்கும் கொழுவியிருக்கும் காருக்கும் போகிறது.

ட்ரிப் சுவிட்ச் விழுந்து காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். விழாது. ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரேயொரு கணக்கு: லைவ்வில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா? 30 மில்லி அம்பியர் குறைந்தாலும் விழும். ஆனால் முறுக்கல் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், மீற்றர் பக்கம் இருக்கிறது. அதனால் லைவ்வில் போனது நியூட்ரலில் ஒழுங்காகத் திரும்பி வருகிறது, சுவிட்சைத் தாண்டுகிறது, அதன் பிறகுதான் முறுக்கிய இடத்தில் பிரிந்து எர்த் வயருக்குள் இறங்கி ஆளின் உடல் வழியாக மண்ணுக்குப் போகிறது. சுவிட்சின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆள் செத்தாலும் அது விழாது.

அந்தப் பையனை நான் குறைசொல்லமாட்டேன். அவன் கற்றது எங்களிடம். தொண்ணூறுகளில் வன்னியில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். அப்போது நான் சிறுவன். எங்கள் வீட்டில் சைக்கிள் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி மெலியும், அப்பா "சுற்று, சுற்று" என்பார். எதையும் ஒப்பேற்றி ஓடவைக்கும் கை அந்தக் காலத்தில் எங்களை வாழவைத்தது. அதற்காக நான் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறேன்.

ஆனால் ஒப்பேற்றிய மோட்டார் சைக்கிள் ஓடாவிட்டால் நடந்துபோவோம். ஒப்பேற்றிய எர்த் ஓடாவிட்டால் அது யாருக்கும் தெரியாது. நெருப்பு இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். வட்டாப்பளை வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காற்று

இனி என் இரண்டாவது பிழை. மறுநாள் பிற்பகல் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் அவர்கள் புறப்பட்டார்கள். வைகாசி பிறந்தால் வன்னியில் சோளகம் எழும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று காலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும், பிற்பகலில் பனையோலை எல்லாம் ஒருபக்கமாகக் கிடந்து அடிக்கும். வவுனியாவிலிருந்து வடக்கே வந்து, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி வட்டாப்பளைக்குப் போகும் வழி முழுக்க அந்தக் காற்று காரின் முதுகில். திரும்பி வரும்போது முகத்தில்.

காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். கார் 70 இல் ஓடுகிறது, எதிர்க்காற்று 30 என்றால், காரின் முகத்துக்கு அது 100 கிலோமீற்றர் வேகம். அமைதியான நாளோடு ஒப்பிட்டால் காற்றுத் தடை இரண்டு மடங்கு. அதே காற்று பின்னால் இருந்தால் தடை மூன்றில் ஒன்றாகிவிடும். பெற்றோல் காரில் இது தெரியாது. எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அந்தப் பெரிய வீணுக்குள் காற்றின் கணக்கு மறைந்துவிடும். மின்காரில் வீண் மிகக் குறைவு. ஆகையால் காற்று, வேகம், குளிரூட்டி ஒவ்வொன்றும் கணக்கில் பளிச்சென்று தெரியும்.

திரையில் காட்டும் கிலோமீற்றர் பற்றரிக்குள் இருக்கும் பொருள் அல்ல. கடைசியாக எப்படி ஓடியதோ அதே சிக்கனத்தோடு இனியும் ஓடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற ஊகம் அது. முதுகில் காற்றோடு ஓடிய கார், ஒரு கிலோவாற்று மணிக்கு 10 கிலோமீற்றர் என்று பழகியிருந்தது. பற்றரியில் உண்மையில் இருந்தது 7 கிலோவாற்று மணி. அதனால் 70 என்று காட்டியது. எதிர்க்காற்றில், நான்கு பேரோடு, குளிரூட்டியோடு, 70 இல் ஓடியபோது கிடைத்தது ஒரு கிலோவாற்று மணிக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். முள்ளியவளை தாண்டும்போதே எண் சரியத் தொடங்கிவிட்டது என்று தங்கை சொன்னாள். ஒட்டுசுட்டானில் மச்சான் குளிரூட்டியை நிறுத்தினார். அங்கேயே வேகத்தையும் 45 க்கு இறக்கியிருந்தால் வந்து சேர்ந்திருப்பார்கள். வேகம் அவருக்குத் தோன்றவில்லை. இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்ற பயம் காலை அழுத்தியது. அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். 37 கிலோமீற்றரில் திரையில் ஆமைப் படம் வந்தது. கார் நடை வேகத்துக்கு இறங்கி, ஓரமாக நின்றது.

நான் தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "எத்தனை கிலோமீற்றர்" என்பதல்ல. "எத்தனை சதவீதம்" என்று கேட்டிருந்தால், 36 என்று வந்திருக்கும். சோளகம் அடிக்கிறது, பற்றரி பழையது, விடியற்காலை காற்று எழும்புமுன் புறப்படுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஐந்து மணிக்கு மெதுவாகப் புறப்பட்டிருந்தால் அந்த 7 கிலோவாற்று மணி மாங்குளத்துக்கு வந்து மிச்சமும் இருந்திருக்கும்.

ஒலுமடுக் காட்டோரம்

நான் போய்ச் சேர்ந்தபோது லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரத்தோடு வந்த ஒருவர் கயிறோடு நின்றார். இழுத்துப் போகிறேன் என்றார், நல்ல மனம். நான் வேண்டாம் என்றேன். இந்தக் காரில் முன்சக்கரங்கள் மோட்டாரோடு நேரே பிணைந்தவை. முன்சக்கரம் நிலத்தில் உருளும்படி இழுத்தால் மோட்டார் சுழன்று மின்சாரம் பிறக்கும், உள்ளே இருக்கும் இலத்திரனியல் கெட்டுப்போகலாம். இத்தகைய காரை முன்சக்கரத்தைத் தூக்கியோ, முழுதாக ஏற்றியோதான் கொண்டுபோகவேண்டும். சற்றுத் தூரத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடைக்காரர் கதவைத் திறந்து, "என்ன வேண்டுமென்றாலும் எடுங்கள்" என்றார். அங்கே இருந்தது இரண்டு ஓட்டைப் பிளக் பொயின்ற். எர்த்துக்கு இடமே இல்லை.

என் ஓட்டோவில் இன்வேட்டர் வகை ஜெனரேற்றர் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதில் கேபிளைக் கொழுவினேன். மறுபடி சிவப்பு விளக்கு. அப்போது நான் செய்ததைப் பார்த்த மச்சான் திகைத்துப்போனார். ஜெனரேற்றருக்கென்று நான் செய்துவைத்திருந்த பிளக்கைப் போட்டேன். அந்தப் பிளக்குக்குள் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கும்.

"நேற்று இரவு இதைத்தானே செய்யவேண்டாம் என்றீர்கள்?"

நியாயமான கேள்வி. பதிலை அவருக்கு ரோச் வெளிச்சத்தில் வீதியோர மண்ணில் கோடு கீறிச் சொன்னேன். சிறு ஜெனரேற்றரின் இரண்டு கம்பிகளும் மண்ணோடு தொடர்பில்லாமல் மிதக்கின்றன. அங்கே மின்சாரம் பிறக்கும் இடமே அந்தப் பெட்டிதான். பிறக்கும் இடத்தில் ஒரு கம்பியை உடலோடு இணைத்து "இதுதான் நியூட்ரல்" என்று நிலைப்படுத்துவது முறை. நடுவில் அறுந்துபோக மின்கம்பமும் இல்லை, நீண்ட வயரும் இல்லை. வீட்டில் மின்சாரம் பிறப்பது தூரத்து மின்மாற்றியில். அங்கே ஏற்கெனவே அந்த இணைப்பு இருக்கிறது. இடையில் எங்கும் அறுந்துபோகக்கூடிய ஒரு நியூட்ரலை வீட்டில் எர்த்தோடு முறுக்குவது கொலைக்குச் சமம். வயர் அதே வயர்தான், முறுக்கும் அதே முறுக்குத்தான். இடம் மாறினால் பொருள் மாறுகிறது. ஒப்பேற்றுவதற்கும் தெரிந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. 8 அம்பியரில் ஒரு மணித்தியாலம் ஏற்றினோம். கடைக்காரர் பிள்ளைகளுக்குக் கச்சான் வறுத்துக் கொடுத்தார். அதன் பிறகு 40 ஐத் தாண்டாமல் ஓட்டி, என் ஓட்டோவின் பின்னால் மாங்குளம் வந்து சேர்ந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் ஒன்று சொன்னார்: "ஐரோப்பாவில் ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். எர்த் என்ற சொல்லை ஒருநாள்கூட நினைத்ததில்லை." அவருக்காக வேறு யாரோ நினைத்திருக்கிறார்கள். நோர்வேயில் பல வீடுகளுக்கு வருவது நியூட்ரலே இல்லாத வேறுவகை இணைப்பு. மின்கார்கள் அங்கே பரவத் தொடங்கிய காலத்தில், சில கார்கள் அந்த வீடுகளில் ஏற மறுத்தன. அதற்கும் யாரோ வேலை செய்துதான் வழி கண்டிருக்கிறார்கள்.

தோண்டிப் பார்த்தது

மறுநாள் காலை வட்டாப்பளைக்குப் போனேன். மல்ரிமீற்றரை எடுத்துப் பிளக் பொயின்றில் லைவ்வுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தேன். 230 வரவேண்டிய இடத்தில் 88 என்று காட்டி, ஆடிக்கொண்டிருந்தது. எதோடும் பிணையாத வயர் அப்படித்தான் ஆடும்.

வீட்டின் பின்சுவரோரம் எர்த் றொட்டை, அதாவது எர்த் வயரை மண்ணோடு சேர்க்கும் கம்பியை, நான் அடித்த இடம் எனக்கு நினைவிருந்தது. மண்ணை விலக்கினேன். வெள்ளை மணல், கை வைத்தால் விரலிடுக்கில் ஓடும் உலர்ந்த மணல். நாலு அங்குல ஆழத்தில் கிளிப் தெரிந்தது. அது கிளிப்பாக இல்லை. நந்திக்கடலின் உப்புக்காற்று பதின்மூன்று வருடம் தின்றதில் பச்சையும் செம்மண் நிறமும் கலந்த ஒரு கட்டியாக இருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அதற்குள் போன பச்சை நிற எர்த் வயர் றொட்டைத் தொடவே இல்லை. முனை கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, காற்றில் நின்றது. றொட்டை ஆட்டினேன், கையோடு வந்தது. நாலு அடி நீளம். மீள்குடியேற்றத்தின் பின் ஒரே மாதத்தில் பல வீடுகளுக்கு வயரிங் முடிக்கவேண்டியிருந்த காலம் அது. எட்டடிக் கம்பி கிடைக்கவில்லை, கிடைத்ததை அடித்தேன். கிளிப்பும் கிடைத்ததுதான். அன்று அதை ஒப்பேற்றியது நான்.

பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ சொன்னபடி மாதா மாதம் அந்தப் பொத்தானை அமத்திப் பார்க்கிறேன். ஒழுங்காக விழுகிறதே?" என்றார். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானைச் சொல்கிறார். அவர் ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிச் சோதிக்கிறது. அதற்கு எர்த் தேவையே இல்லை. எர்த் றொட் வீட்டில் இல்லாவிட்டாலும் அது அழகாக விழும். இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழைய இடத்தை விட்டுவிட்டேன். கிணற்றடியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் வடிந்தோடி, எந்தக் கோடையிலும் ஈரமாக இருக்கும் இடத்தைத் தெரிந்தேன். செம்பு பூசிய எட்டடிக் கம்பிகள் இரண்டை, ஒன்றுக்கொன்று எட்டடிக்கு மேல் இடைவெளி விட்டு அடித்தேன். முதல் நாலடி மணல் இலேசாக விட்டது. அதன் பிறகு சம்மட்டியின் ஓசையே மாறியது, கனத்த ஓசை. ஈரக் களிமண். பித்தளைக் கிளிப் போட்டு, இறுக்கி, கிறீஸ் பூசி, மேலே மூடியுள்ள சிறு கொங்கிறீற் பெட்டி வைத்தேன். இனி யாரும் மூடியைத் திறந்து கிளிப்பைக் கண்ணால் பார்க்கலாம். எர்த் மீற்றரில் அளந்தேன். 21 ஓம். இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல எர்த். அதே மீற்றரில் பழைய நாலடி றொட்டை, அதன் பழைய குழியிலேயே மறுபடி இறுக்கி வைத்து அளந்து பார்த்தேன். 200 ஐத் தாண்டியது. ஆக, கிளிப் அழியாமல் இருந்திருந்தாலும் அது நல்ல எர்த்தாக இருந்திருக்காது.

அன்று மாலை காரைக் கொண்டுவந்து கொழுவினோம். ஏழு மணிக்கு வோல்ற்று 209, ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரம். பத்தரைக்குப் பிறகு 226 க்கு ஏறியது. பிளக் பொயின்றையும் மாற்றிவிட்டேன். பழையதன் உட்புறம் சூட்டில் பழுப்பேறியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் சுமப்பது வேறு, எட்டு மணித்தியாலம் விடாமல் 10 அம்பியர் சுமப்பது வேறு. விடிய முன் பற்றரி நிறைந்திருந்தது. அவர்கள் ஐந்து மணிக்குப் புறப்பட்டு, காற்று எழும்புமுன் மாங்குளத்தையும் கடந்து, கிளிநொச்சி போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எனக்கு அழைத்தார்கள்.

ஆடியிலும் ஆவணியிலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் மின்கார் எடுப்பார்கள். 2022 இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரிசையில் நின்ற பிறகு இங்கே உள்ளவர்களும் மின்காரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீதியில் சார்ஜ் நிலையம் எங்கே என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அது வரும், வரவேண்டும். ஆனால் வன்னிக்கு வருகிறவர் இரவு தங்குவது பெரியம்மா வீட்டில், மாமா வீட்டில். பயணத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஏறுவதும் அங்கேதான். வருவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு மின்வேலைக்காரரை அனுப்பி எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பொத்தானை அமத்திப் பார்த்தேன் என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள். மீற்றரில் வந்த எண்ணைக் கேளுங்கள். கார் வராவிட்டாலும் அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற பிள்ளை இருக்கிறது.

2011 முதல் 2013 வரை நான் வயரிங் செய்த வீடுகளின் பெயர்கள் ஒரு பழைய கொப்பியில் இருக்கின்றன. சில பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது, மிச்சம் வாசிக்கலாம். சனிக்கிழமைகளில் மீற்றரையும் இரண்டு எட்டடிக் கம்பிகளையும் ஓட்டோவில் போட்டுக்கொண்டு போகிறேன். அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பியும் வருகிறான், சம்மட்டி அவன் கையில். இதுவரை பத்து வீடுகள் பார்த்தாயிற்று. அடுத்தது கேப்பாப்பிலவில்.